பச்சைக் கிஸ்மிஸ் ஏன் பழுப்பாகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தீபாவளிக்கு வாங்கிய பச்சைக் கிஸ்மிஸில் பாதி மிஞ்சிவிட்டது. சித்திரையில் டப்பாவைத் திறந்தால் எல்லாம் பழுப்பு. தூக்கிப் போட்டுவிடலாமா?

போட வேண்டாம். முதலில் மோந்து பாருங்கள். புளித்த வாடையோ பூஞ்சை வாடையோ வரவில்லை, புழு பூச்சி இல்லை என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். பாயசத்துக்கும் கேசரிக்கும் நெய்யில் வறுத்துப் போட்டால் வித்தியாசமே தெரியாது.

காய்ந்துவிட்டதால் உள்ளே எல்லாம் நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நன்றாகக் காய்ந்த திராட்சையிலும் நூற்றுக்குப் 13 முதல் 15 பங்கு ஈரம் இருக்கும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை: குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். கூடவே அர்ஜினைன், புரோலின் போன்ற அமினோ அமிலங்கள். இந்தச் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து மெல்ல மெல்லப் பழுப்பு நிறத்தை உண்டாக்குகின்றன. 1912-இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை இது. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது பால்கோவா நிறம் மாறுவதும் இதே வினையால்தான். அடுப்பில் ஒரு மணி நேரத்தில் நடப்பது டப்பாவுக்குள் மாதக்கணக்கில் நடக்கிறது, அவ்வளவுதான்.

வெப்பம்தான் இதில் முதல் எதிரி. 10 டிகிரி கூடினால் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். ஒரே பாக்கெட்டைப் பிரித்து, ஒரு பாட்டிலை அடுப்புக்கு மேல் அலமாரியிலும் இன்னொன்றை ஃபிரிட்ஜிலும் வைத்துப் பார்த்திருக்கிறேன். கோடை முடிந்து இரண்டையும் வெள்ளைத் தட்டில் கொட்டியபோது, ஒன்று வெல்லப்பாகு நிறம். மற்றது ஏறத்தாழ வாங்கிய அன்று இருந்தது போலவே இளம்பச்சை. அதிலிருந்து எங்கள் வீட்டில் கிஸ்மிஸுக்கு இடம் ஃபிரிட்ஜ்தான்.

மொத்த வியாபாரம் செய்கிறேன். மகாராஷ்டிரத்தின் சாங்லியிலிருந்து ஒரே லாட்டாக வந்த சரக்கு. குடோனில் மேல் அட்டியில் இருந்த பெட்டிகள் மட்டும் நிறம் போய்விட்டன. சரக்கு கொடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா?

ஒரே லாட் என்கிறீர்கள், மேலே மட்டும்தான் என்கிறீர்கள். அப்படியானால் எனக்கு முதல் சந்தேகம் உங்கள் கூரைமேல்தான். தகரக் கூரையா, ஆஸ்பெஸ்டாஸா? பங்குனி, சித்திரை வெயிலில் அதன் அடியில் எவ்வளவு சூடு என்று ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

சாங்லி, கர்நாடகத்தின் விஜயபுரா பக்கம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காயவைக்கிறார்கள். தாம்சன் விதையில்லா திராட்சையும் அதன் வழிவந்த மாணிக் சமன், சோனாகா போன்ற ரகங்களும்தான் அதிகம். காய்ந்த சரக்கு அங்கே கோல்டு ஸ்டோரேஜில் இருக்கும்வரை நிறம் நிற்கும். வெளியே எடுத்து நம் ஊர் வெயிலில் வைத்த நாளிலிருந்து கடிகாரம் வேகமாக ஓடத் தொடங்கிவிடுகிறது. அதனால் மொத்தமாக இறக்காமல், விற்கிற அளவுக்குத் தவணை தவணையாக எடுங்கள். சொந்தமாகக் குளிர் அறை இருந்தால் 4 டிகிரி அளவில் வையுங்கள். அங்கிருந்து எடுத்த பெட்டியை உடனே திறக்காதீர்கள். சில்லென்ற பழத்தின்மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். பெட்டி அறைச் சூட்டுக்கு வந்தபிறகு பிரியுங்கள்.

பெட்டி முழுக்க ஒரே சீராக மாறாமல், அங்கங்கே சில பழம் மட்டும் கறுத்திருந்தால் கதை வேறு. அது காயவைக்கும்போதே வந்த கோளாறாக இருக்கலாம். தோல் நசுங்கினால் பழத்தில் உள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கிவிடும். ஆப்பிளை நறுக்கிவைத்தால் கறுக்கிறதே, அதே நொதிதான். காய்வது தாமதமாகத் தாமதமாக அதற்குக் கொண்டாட்டம். அதனால்தான் பொட்டாசியம் கார்பனேட்டும் டிப்பிங் ஆயிலும் (திராட்சையை முக்குவதற்கென்றே உள்ள எண்ணெய்) கலந்த நீரில் முக்கி எடுக்கிறார்கள். தோலின் மெழுகுப் பூச்சு இளகி, ஈரம் சீக்கிரம் வெளியேறும். பிறகு நிழலில் அடுக்குத் தட்டுகளில் காயும். ஆஸ்திரேலியாவில் ‘புரூஸ் ஸ்போர்ட்’ என்று இந்த நொதி குறைவாக உள்ள ஒரு சுல்தானா (தாம்சன் விதையில்லா திராட்சைக்கு அங்கே உள்ள பெயர்) ரகமே கிடைத்தது; அதன் பழம் வெளிர் நிறமாகக் காயும்.

அப்புறம், வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் நல்லது. கட்டியாக ஒட்டிக்கொண்டு கையும் பிசுபிசுத்தால் ஈரம் கூடுதல். ஈரம் 18 சதவீதத்தைத் தாண்டினால் நிறம் மட்டுமில்லை, பூஞ்சை பயமும் வந்துவிடும்.

பளிச்சென்று மஞ்சளாக இருப்பதில் கெமிக்கல் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?

கந்தகப் புகை காட்டியிருப்பார்கள். அதிலிருந்து வரும் சல்ஃபர் டை ஆக்சைடு, நொதியையும் தடுக்கும், நான் மேலே சொன்ன மயார் வினையையும் தடுக்கும். இப்படி வெளுக்கவைத்த திராட்சையில் கிலோவுக்கு 1500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிகளின் வரம்பு. நாளாக ஆக அது ஆவியாகியும் சர்க்கரையோடு பிணைந்தும் குறைந்துவிடும். காவல் போனதும் பழுப்பு ஏறும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்தப் பளிச் ரகத்தைத் தவிர்த்துவிடுங்கள். சல்ஃபைட் சிலருக்கு மூச்சிரைப்பை உண்டாக்கும். நிறத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. வாசனையும் சதைப்பற்றும்தான் பழத்தின் தரம்.

பழத்தின்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பூஞ்சையா?

நாலைந்தை வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். கரைந்தால் சர்க்கரை, கடித்தாலும் நறநறவென்று இருக்கும், தப்பில்லை. கரையாமல் பஞ்சு போல நின்றாலோ, மக்கல் வாடை வந்தாலோ பூஞ்சை. அதைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

கம்பம் பன்னீர் திராட்சையைக் காயவைத்தேன். கறுப்பாகிவிட்டது. எங்கே தவறு?

தவறே இல்லை. அது கருநிறத் தோல் உள்ள பழம், கறுப்பாகத்தான் காயும். விதை இருப்பதால் கிஸ்மிஸாக விற்பது கடினம், வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.