சிலோன் வரவில்லை

அன்புள்ள ஐயா,

பழைய வானொலி ஒலிப்பதிவுகளைப் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதியதைப் படித்தேன். என் அப்பா தண்டையார்பேட்டையில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். 1963-இல் தொடங்கி 1988 வரை கடை நடந்தது. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். பரணை ஒழித்தபோது இரண்டு தகரப் பெட்டிகள் கிடைத்தன. ஒன்றில் ரேடியோவிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள், 140 இருக்கும். மற்றொன்றில் கடைக் கணக்கு நோட்டுகள் பதினொன்று, அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம், சில தபால் அட்டைகள்.

பாட்டெல்லாம் போனிலேயே இருக்கிறது, கேசட்டைக் காயலான் கடையிலும் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடமும் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். வெளிநாடுகளில் வட்டார வானொலிகளுக்கென்றே காப்பகம் வைத்திருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். நம் வானொலி நிலையத்திலேயே எல்லாம் பத்திரமாக இருக்கும்தானே? அப்படியென்றால் இந்தப் பெட்டிகளுக்கு ஏதாவது மதிப்பு உண்டா? கச்சேரிப் பதிவு என்றால் மயிலாப்பூரில் ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். வடசென்னை ரிப்பேர் கடைக் கணக்கை யார் வாங்குவார்கள்? நோட்டின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பெட்டிகளையும் காயலான் கடையிலோ பழைய பேப்பர்காரரிடமோ போட்டுவிடாதீர்கள். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது என்றால் நோட்டுப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணனுக்கு இது விசித்திரமாகப் படலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

வானொலி நிலையத்தில் எல்லாம் இருக்கும் என்பது நம்மில் பலருக்கும் உள்ள நம்பிக்கை. ஒலிபரப்பும் வேலை வேறு, சேமிக்கும் வேலை வேறு. சென்னையில் 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியபோது அவர்களிடம் இருந்த ஒலிபரப்பியின் திறன் 40 வாட். ஒரு குண்டு பல்பின் அளவு. அதை வைத்துக்கொண்டு ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பத் தொடங்கினார்கள். மூன்றே ஆண்டுகளில் பணமில்லாமல் கிளப் நின்றது. கருவி மாநகராட்சியின் கைக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் கட்டடத்திலிருந்து மாநகராட்சியே மாலை நேரத்தில் ஒலிபரப்பியது. குப்பை அள்ளுவது, விளக்கு ஏற்றுவது, ரேடியோ நடத்துவது எல்லாம் ஒரே கட்டடத்தில்! 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி நிலையம் வந்த பிறகுதான் மாநகராட்சி ஒதுங்கிக்கொண்டது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் பாடியவர்கள் நேராகக் காற்றில் பாடினார்கள், பேசியவர்கள் நேராகப் பேசினார்கள். ஒலிநாடா அப்போது இங்கே வந்திருக்கவில்லை. எனவே அந்தக் காலத்தைப் பற்றி ஒருவர் எழுத உட்கார்ந்தால் அவர் தேட வேண்டியது காகிதத்தைத்தான்: பத்திரிகையில் வந்த நிகழ்ச்சி நிரல், மாநகராட்சிக் கூட்டக் குறிப்பு, யாரோ வீட்டில் வைத்திருந்த ரசீது.

நாடா வந்த பிறகு நிலைமை மாறியது, ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. நாடா விலை அதிகம். பத்தரை அங்குலச் சுருளில் 2,400 அடி நாடா இருக்கும். நொடிக்கு ஏழரை அங்குலம் என்று ஓடினால் அதில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பதியலாம். நாள் முழுவதும் ஒலிபரப்பும் நிலையம் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டுமென்றால் சுருளை எங்கே அடுக்குவது? ஒலிபரப்பி முடித்த நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவார்கள். பெரிய வித்வானின் கச்சேரி, தலைவரின் உரை, நல்ல நாடகம் ஆகியவற்றை ஒதுக்கி வைப்பார்கள். காலை ஆறரை மணிக்கு யாரோ ஒருவர் வாசித்த அறிவிப்பை ஒதுக்கி வைப்பதில்லை. இதில் நம் ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது. லண்டன் பிபிசியும் எத்தனையோ நாடாக்களை அழித்திருக்கிறது.

நீங்கள் படித்த வெளிநாட்டுக் காப்பகங்களில் ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ரெடிங் நகரை ஒட்டிய கேவர்ஷாமில் பிபிசியின் எழுத்து ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1970-இல் தொடங்கியது. அங்கே காதில் மாட்டிக் கேட்பதற்கு எதுவும் இல்லை. நிகழ்ச்சிப் பிரதிகள், அலுவலகக் குறிப்புகள், கடிதங்கள், நேயர் ஆய்வு அறிக்கைகள் எல்லாம் கோப்புக் கோப்பாக இருக்கின்றன. வானொலி வரலாறு எழுதுபவர்கள் அங்கே போய் உட்கார்ந்து தாள் புரட்டுகிறார்கள். அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகமும் பாஸ்டன் நிலையம் ஒன்றும் சேர்ந்து 2013 முதல், நாடெங்கும் உள்ள சிறுசிறு பொது ஒலிபரப்பு நிலையங்களின் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துவருகின்றன. உள்ளூர் நிலையம் மூடப்படும்போது குப்பைக்குப் போகும் பெட்டிகளைப் பிடித்து நிறுத்துவதுதான் அந்த வேலை. உங்கள் பரணிலிருந்து இறங்கியதும் அந்த வகைப் பெட்டிதான்.

இப்போது நீங்கள் அனுப்பிய பக்கங்களுக்கு வருகிறேன். நான் நேற்று இரவு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்து அழகு. ஐந்து கட்டங்கள்: தேதி, பெயரும் தெருவும், செட், கோளாறு, தொகை. செட் என்ற கட்டத்தில் மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், நெல்கோ. கோளாறு என்ற கட்டத்தில் ஒருவர் "டயல் கயிறு" என்று கொடுத்திருக்கிறார், இன்னொருவர் "வால்வு". அதற்குக் கீழே, 1967 பக்கத்தில், ஒரே மாதத்தில் ஆறு இடங்களில் "சிலோன் வரவில்லை."

இந்த மூன்றாவது கோளாறைப் பாருங்கள். சிலோன் என்றால் இலங்கை வானொலி. அது செட்டின் கோளாறாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சென்னை நிலையம் தெளிவாகக் கேட்டிருக்கும். சிற்றலையில் இரைச்சல் வந்திருக்கும், அல்லது ஏரியல் கம்பி மொட்டைமாடியில் அறுந்திருக்கும். ஆனால் சிலோன் வராத ரேடியோ, பழுதான ரேடியோ என்பது அந்த வீடுகளின் கணக்கு. 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்தார். நாடே இலங்கை வானொலிப் பக்கம் சாய்ந்தது. 1957-இல் விவித பாரதி தொடங்கி அந்த நேயர்களைத் திருப்பி இழுக்கப் பார்த்தார்கள். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்தும் தண்டையார்பேட்டையில் ஆறு குடும்பங்கள் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து காசு கொடுத்து சிலோனை மீட்டார்கள் என்பது உங்கள் நோட்டில் மட்டும் இருக்கிறது.

அடுத்த பக்கம் இன்னும் பிடித்தது. நவம்பர் மாதம். காசிமேட்டிலிருந்து வந்த டிரான்சிஸ்டர்கள் நான்கு. கோளாறு என்ற இடத்தில் "உப்பு" என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கிறார். கடல் காற்றில் வால்யூம் கன்ட்ரோலும் பேண்ட் சுவிட்சும் பச்சை பூத்துப்போகும். பேட்டரிக் கம்பியும் அப்படித்தான். நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதம். வானிலை அறிவிப்பும் மீனவர் எச்சரிக்கையும் வானொலியில் வாசிக்கப்பட்டன என்பதை எந்த ஆவணத்திலும் எடுக்கலாம். அதைக் கேட்க வேண்டிய ஒருவரின் செட், அதே வாரத்தில் உங்கள் அப்பாவின் அலமாரியில் பழுதாகிக் கிடந்தது என்பதை எங்கே போய் எடுப்பது? தேதியைப் பார்த்தேன். ஒரு செட் ஒன்பது நாள் கடையில் இருந்திருக்கிறது.

லைசென்ஸ் புத்தகத்தையும் அலட்சியமாக எண்ணாதீர்கள். இன்றைய பிள்ளைகளிடம் ரேடியோ கேட்க அரசிடம் உரிமம் வாங்க வேண்டியிருந்தது என்றால் நம்ப மாட்டார்கள். ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் கட்டணம் கட்டி, அதற்கென்றே அச்சிட்ட ஸ்டாம்பை ஒட்டி, வட்ட முத்திரை குத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. அந்த ஸ்டாம்புகளைப் பிரித்தெடுத்து விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் பக்கத்தில் விடாதீர்கள். ஸ்டாம்பும் முத்திரையும் அதே தாளில் இருந்தால்தான் எந்தத் தபால் நிலையம், எந்த ஆண்டு என்று தெரியும்.

கேசட்டுகளைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா பெரம்பூரில் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1979 வாக்கில் ஒரு சின்ன டேப்ரிக்கார்டர் வாங்கினார். ரேடியோவிலிருந்து நேராகப் பதிய கம்பி எதுவும் அவரிடம் இல்லை. மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்து, வீட்டில் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டுப் பதிவார். அப்படிப் பதிந்த ஒரு கேசட்டைப் பல ஆண்டு கழித்து நான் ஒரு கடையில் கொடுத்து சிடியாக மாற்றச் சொன்னேன். பதினான்கு பாட்டு, பளிச்சென்று வந்தது. "தேவையில்லாததை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டேன் சார்" என்றார் கடைக்காரர், பெருமையாக. வெட்டி எடுத்தவை: நேயர் விருப்பம் கேட்டவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் வாசித்தது, இரண்டு மூன்று விளம்பரங்கள், அடுப்படியிலிருந்து பெரியம்மா தெரியாமல் குரல் கொடுத்ததும் பெரியப்பா "உஷ்" என்றதும், பின்னால் தேய்ந்து கேட்ட மில் சங்கு. அறிவிப்பாளர் வாசித்த பெயர்களில் பெரியப்பாவின் பெயரும் இருந்தது. அதற்காகத்தான் அவர் அந்தக் கேசட்டையே பதிந்தார். மூல கேசட்டை நான் உடனே கேட்டு வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் போனபோது அது இல்லை. மில்லும் 1996-இல் மூடிவிட்டது, சங்கும் போயிற்று. அந்தப் பதினான்கு பாட்டும் இன்று உங்கள் அண்ணனின் போனில் இருக்கும்.

அதனால், மாற்றித் தருகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் சொல்ல வேண்டியது: ஒரு விநாடியும் வெட்டக்கூடாது, இரைச்சலை நீக்கக்கூடாது, மூலத்தைத் திருப்பித் தர வேண்டும். அழகுபடுத்துவதை நகலின் நகலில் செய்துகொள்ளட்டும். கேசட்டை எடுத்தவுடன் பழைய டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். முதுகில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள், தப்பித்தவறி மேலே பதியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதைத் தனியாக ஒதுக்குங்கள். அது மற்றதற்கும் தொற்றும், டெக்கின் தலையையும் கெடுக்கும். உள்ளே நாடாவை அழுத்தும் பஞ்சு விழுந்திருக்கலாம். அதைத் தெரிந்தவர் மாற்றித் தருவார், உங்கள் அப்பா இருந்தால் ஐந்து நிமிட வேலை. சுருக்காத முழுக் கோப்பாகப் பதியச் சொல்லுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று கேட்டால் தொழில் தெரிந்தவருக்குப் புரியும். அறுபது நிமிட கேசட் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். 140 கேசட்டும் உள்ளங்கை அகல ஹார்டு டிஸ்க் ஒன்றில் அடங்கிவிடும். அட்டையில் அப்பா பென்சிலில் எழுதியிருப்பதை முன்னும் பின்னும் படம் எடுத்து அதே எண்ணில் சேருங்கள்.

எல்லாவற்றையும் உடனே இணையத்தில் ஏற்றலாமா என்றும் உங்களுக்குத் தோன்றும். ஒலிபரப்புக்கான உரிமை நம் சட்டப்படி 25 ஆண்டுகள்தான். ஆனால் அதில் வரும் பாட்டின் பதிவுக்கு 60 ஆண்டுகள். எனவே வீட்டில் வைத்துக் கேட்பதும் ஆய்வாளருக்குக் காட்டுவதும் வேறு, ஊருக்கு ஒலிபரப்புவது வேறு. நோட்டில் உள்ள பெயர்களும் அப்படித்தான். அந்தத் தெருக்களில் அவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

யார் வாங்குவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் முதலில் பேசிப்பாருங்கள். பெரிய மனிதர்களின் நூல்களோடு துண்டறிக்கையையும் பாட்டுப்புத்தகத்தையும் மதித்துச் சேர்த்த ஒருவரின் பெயரில் உள்ள இடம் அது. கொடுக்கும்போது பதினொரு நோட்டுகளையும் ஒன்றாகக் கொடுங்கள், நல்லது கெட்டது என்று பிரிக்காதீர்கள். நகல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்குப் பாதி உடன்பாடு. சபாக்களிலும் வானொலியிலும் வந்த கச்சேரிகளை வீட்டுச் சுருளில் பதிந்து வைத்த ரசிகர்கள் இல்லையென்றால் அந்த இசையில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. தொழிலாளர் நிகழ்ச்சியை அப்படிப் பதிந்து வைக்க ஆள் இல்லாமல் போனதுதான் குறை. உங்கள் 140-இல் அப்படி ஒன்றிரண்டு இருக்கக்கூடும். பாட்டு என்று எழுதாத அட்டைகளை முதலில் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். நவம்பர் பக்கத்தை வெளிச்சத்தில் வைத்து மறுபடி படம் எடுத்து அனுப்ப முடியுமா? வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒன்பது நாள் கிடந்த அந்த டிரான்சிஸ்டருக்கு எதிரே, தொகைக் கட்டத்தில் எண் இல்லை. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி பாதி தெரிகிறது. அப்பா காசு வாங்காமல் கொடுத்தாரா, அல்லது செட்டை வாங்க ஆள் வரவே இல்லையா? மற்ற நோட்டுகளிலும் அந்தக் குறி இருந்தால் எந்த மாதங்களில் வருகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.