ஓசனிச்சிட்டுக்கு எந்தப் பேரினம்? – கேள்வி பதில்

கேள்வி: சார், ஓசனிச்சிட்டுகளில் (ஹம்மிங்பேர்ட்) அமசீலியா பேரினத்தை ஏன் உடைத்தார்கள்? பழைய பெயரே நன்றாகத்தானே இருந்தது?

பதில்: பெயர் நன்றாகத்தான் இருந்தது, உறவுதான் பொய். பச்சை முதுகு, நடுத்தர உடல், நேரான அலகு என்று பார்த்ததையெல்லாம் அதற்குள் போட்டு வைத்திருந்தார்கள். 2014-இல் மக்குவையர் என்ற ஆய்வாளரின் குழு 284 ஓசனிச்சிட்டுச் சிற்றினங்களின் டிஎன்ஏவை வைத்து வம்சாவளி வரைந்தபோது, அந்தக் கூட்டம் மரத்தில் ஆளுக்கொரு கிளையில் உட்கார்ந்திருந்தது. ஒரு பேரினம் என்றால் ஒரே மூதாதையின் வாரிசுகள் இருக்க வேண்டும். அவர்களில் யாரும் வெளியே விடுபடவும் கூடாது. அதனால் 2017-இல் ஸ்டைல்ஸ், ரெம்சன், மக்குவையர் மூவரும் அமசீலியா அடங்கிய பெரிய கிளையான மரகதப் பிரிவு முழுவதையும் மாற்றி அடுக்கினார்கள். பெரிலைன் சிட்டு சாசெரோட்டியா பேரினத்துக்குப் போனது, கோஸ்டா ரிக்காவின் அலையாத்திச் சிட்டு கிரைசூரோனியாவுக்கு.

நிறத்தை நம்பாதீர்கள். அந்த மினுமினுப்பு இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டு வருவது. அலகும் அப்படித்தான், பூவுக்குத் தகுந்தபடி நீளும், வளையும்.

கேள்வி: தென்காசியில் எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் ஹம்மிங்பேர்ட் வருகிறது. என்ன பேரினம் ஐயா?

பதில்: அது தேன்சிட்டு. ஓசனிச்சிட்டுகள் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான்.

கேள்வி: இத்தனை பேரினம் எதற்கு? மரகதப் பிரிவையே ஒன்றாக்கிவிட்டால் சண்டை தீர்ந்ததே?

பதில்: ஒன்றாக்கினால் மூத்த பெயருக்குத்தான் உரிமை. அது 1758-இல் லின்னேயஸ் வைத்த டிரோக்கிலஸ், ஜமைக்காவின் நீள்வால் சிட்டுடையது. நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் டிரோக்கிலஸ் ஆகிவிடும். பெயரைக் கேட்டால் ஒன்றும் விளங்காது.

கேள்வி: ஆகட்டுமே! கத்தரி, தக்காளி, உருளை எல்லாம் சொலானம்தான். அதில் ஆயிரம் சிற்றினத்துக்கு மேல். செடிக்காரர்கள் செத்தா போனார்கள்?

பதில்: சரி, நல்ல அடி. விதி உங்களைத் தடுக்காது. யார் யாருக்கு உறவு என்பதை மரபணு சொல்லும். பேரினத்தின் எல்லைக்கோட்டை மரத்தின் எந்தக் கணுவில் போடுவது என்பதைச் சொல்லாது. அதனால்தான் தென் அமெரிக்கப் பறவைப் பட்டியல் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கேட்கிறார்கள். சேர்ப்பதும் நடக்கிறது: 2012-இல் காலியோப் சிட்டின் ஸ்டெல்லுலா பேரினத்தைக் கலைத்து செலாஸ்பரஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். ஆனால் அது செலாஸ்பரஸ் கிளைக்குள்ளேயே இருந்தது, வேறு வழியில்லை. மரகதப் பிரிவில் வழி இருந்தது. என் வாக்கு பிரிப்பதற்கே.

கேள்வி: அன்னா சிட்டும் ஆலன் சிட்டும் கலக்கின்றனவே, பிறகென்ன வேறு பேரினம்?

பதில்: இந்தக் குடும்பத்தில் பேரினம் தாண்டிய கலப்பு சகஜம். அந்தக் காலத்தில் ஒற்றைப் பதப்படுத்திய தோலைப் பார்த்துப் புதுச் சிற்றினம் என்று பெயர் சூட்டிய சில, பின்னால் கலப்பு என்று தெரிந்தது. நிறத்தை நம்பியதன் பலன்.

கேள்வி: ஊதா உச்சிச் சிட்டின் பெயர் ஏன் அடுத்தடுத்து மாறியது?

பதில்: அமசீலியாவிலிருந்து 2020-இல் லியூகோலியா. அந்தப் பெயர் இந்தக் கூட்டத்துக்குச் செல்லாது என்று தெரிந்ததும் 2021-இல் ராமோசோமியா. பறவை ஒன்றும் செய்யவில்லை, தகராறு முழுக்கக் காகிதத்தில்.

கேள்வி: மதுரையில் ஹம்மிங்பேர்ட் பார்த்தேன், நீலப் பச்சையாக…

பதில்: தென்காசிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: கோவையில் அந்தி நேரம், சிறகே தெரியாமல் ஒன்று பூவின் முன்னால் மிதந்தது. இதுவாவது?

பதில்: தலையில் இரண்டு உணர்கொம்பு இருந்ததா? அப்படியானால் அந்துப்பூச்சி.