இரண்டு சுண்டு அரிசி

அன்புள்ள அக்கா,

எனக்கு 47 வயது. உரும்பிராயில் இருக்கிறோம். மகன் கனடாவில், மகள் கொழும்பில். இவர் காலையில் கந்தோருக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். இரண்டு பேருக்கு ஒரு சுண்டு அரிசி போதும். கை இன்னும் இரண்டு சுண்டுதான் அளக்கிறது. வீட்டை விற்றுவிட்டு வரும்படி மகன் சொல்கிறான். அது என் சீதன வீடு. எனக்குப் போக மனமில்லை. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு ஏ.எல். (உயர்தர) படிப்பு நின்றுபோனது. தையல் நன்றாக வரும், மெசின் விறாந்தை மூலையில் கிடக்கிறது. இரவில் நித்திரை இல்லை, திடீரென்று உடம்பு கொதிக்கும். பிள்ளை கூப்பிடும்போது போகாமல் எனக்கென்று ஏதாவது தொடங்க நினைப்பது சுயநலமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தங்கச்சி,

சுயநலம் இல்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்பது ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது, 'எனக்குப் போக மனமில்லை' என்று. மற்ற எல்லா வரியிலும் யாரிடமோ அனுமதி கேட்கிறீர்கள்.

முதலில் உடம்பு. நித்திரையின்மையும் கொதிப்பும் மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில் பலருக்கும் வருவதுதான். ஆனால் அதுதான் காரணம் என்று வீட்டிலிருந்தபடி முடிவு கட்ட வேண்டாம். உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேளுங்கள். 35 வயது தாண்டிய பெண்களுக்கென்றே உள்ளது, காசு இல்லை. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். நித்திரை கெட்ட மனசோடு வீடு விற்பதைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். எனக்கும் 50இல் அப்படி ஒரு வருடம் போனது. அந்த வருடம் நான் எடுத்த இரண்டு முடிவும் பிழை.

அடுத்தது அலுமாரியில் இருக்கும் வீட்டு உறுதிப் பத்திரம். அதை எடுத்து நீங்களே ஒருமுறை முழுதாக வாசியுங்கள். சீதன உறுதி உங்கள் பெயரில் இருந்தால் நீங்கள் கையெழுத்து வைக்காமல் அந்த வீட்டை யாரும் விற்க முடியாது. இதை மகனும் தெரிந்திருக்கட்டும். ஆனால் தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழர் வழக்கச் சட்டத்தின் கீழ் வரும் மணமான பெண், தன் சொந்தக் காணியையோ வீட்டையோ விற்கவும் ஈடு வைக்கவும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மரணசாசனம் எழுதுவதற்கு மட்டும் அது தேவையில்லை. கணவன் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். தாய் தகப்பன் தந்த வீட்டுக்கு இன்னொருவரின் சம்மதம் எதற்கு? இந்தச் சட்டம் மாற வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன். நாளைக்கு அந்த வீட்டை வைத்துக் கடன் எடுக்க நினைத்தாலும் இவரோடு பேசத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தில் மகன் என்ன சொல்கிறான் என்று இருக்கிறது, இவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு சொல்லும் இல்லையே. கேட்டுப் பார்த்தீர்களா?

சரி, படிப்புக்கு வருவோம். 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பக்கம் நகர்ந்த அந்தச் சனத்துக்குள் நானும் இருந்தேன். மழை. எனக்கு முன்னால் போன பெட்டை ஒருத்தி, பள்ளிக்கூடப் பையைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தாள். பை நனையவில்லை, அவள் முழுக்க நனைந்துபோனாள். அவள் பரீட்சை எழுதினாளோ என்று இன்றைக்கும் நினைப்பேன். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அவள் நினைவுதான் வந்தது.

ஏ.எல். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இப்போதும் எழுதலாம். அது பாரமாகப் பட்டால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய நிலையமும் உண்டு. ஏ.எல். இல்லாதவர்களும் அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே போகலாம். பக்கத்தில் 20 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று கூச வேண்டாம். முதல் வாரம் 'அன்ரி' என்பார்கள், அப்புறம் நோட்ஸ் கேட்டு வருவார்கள்.

தையலைத்தான் நான் முதலில் தொடங்கச் சொல்வேன். விறாந்தையில் மெசின் போட யாருடைய கையெழுத்தும் வேண்டாம். ஆனால் ஒன்று. சொந்தக்காரருக்குச் சும்மா தைத்துக் கொடுத்துத் தொடங்காதீர்கள். சும்மா தொடங்கினால் பிறகு காசு கேட்க வாய் வராது. முதல் சட்டைக்கே கூலி சொல்லுங்கள், ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அந்தக் காசை வீட்டுச் செலவோடு கலக்காமல் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கில் போடுங்கள். எங்களில் எத்தனை பேர் கைவேலை தெரிந்தும் 'பொழுதுபோக்குக்கு' என்று சொல்லிச் சொல்லியே வெறுங்கையோடு இருந்துவிட்டோம்! அது எனக்கு மனசு பொறுக்காத விஷயம்.

மகனுக்கு 'ஒரு வருடம் பொறு' என்று சொல்லுங்கள். மூன்று மாதம் போய்ப் பார்த்து வருவது வேறு, வீட்டை விற்றுவிட்டுப் போவது வேறு. போய்ப் பார்க்க ஆசையிருந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் வாருங்கள்.

இந்தக் கிழமை மெசினுக்கு எண்ணெய் விட்டுப் பாருங்கள். பெல்ட் இற்றுப்போயிருக்கும், மாற்ற வேண்டி வரும். ஓடுகிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா