காற்றாலை, கழுகு, கடற்பசு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற மாதம் காற்றாலைகளைப் பற்றி இந்தப் பகுதியில் நாலு வரி எழுதினேன். பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து கடிதங்கள் வந்துவிட்டன. நம் பக்கம் கடலும் கிடையாது, முப்பந்தல் மாதிரி காற்றாலைக் கூட்டமும் கிடையாது. இருந்தும் இவ்வளவு பேர் அக்கறையோடு கேட்டிருக்கிறீர்கள், மனசுக்கு நிறைவாக இருக்கிறது. முடிந்தவரை சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் போனேன். ஆரல்வாய்மொழி பக்கம் வந்ததும் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைதான். பக்கத்தில் இருந்தவர், "இதெல்லாம் பறவைகளை வெட்டுகிற கத்தி" என்றார். உண்மையா?
*கல்லூரி மாணவர், காட்பாடி*

உண்மைதான் தம்பி, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் சோம்பலாகச் சுற்றுவது போலத் தெரியும் அந்த இறக்கையின் நுனி, பெரிய காற்றாலைகளில் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இரை தேடும் கழுகு தலையைக் குனிந்து தரையைத்தான் பார்க்கும், எதிரே என்ன வருகிறது என்பதில் அதன் கவனம் இருக்காது. அதைவிடச் சிக்கல், மலைச்சரிவில் மோதி மேலே எழும்பும் காற்றில்தான் கழுகு சிறகடிக்காமல் மிதக்கிறது. அந்தக் காற்று நமக்கும் வேண்டியிருக்கிறது, அதே மேட்டில் கொண்டுபோய்க் கோபுரத்தை நடுகிறோம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் கணவாயில் 1980களில் ஆயிரக்கணக்கில் சின்னக் காற்றாலைகளை நட்டார்கள். தரை அணில்கள் நிறைந்த புல்வெளி அது, அவற்றைப் பிடிக்க வரும் பொன்னிறக் கழுகுகள் வருஷா வருஷம் அடிபட்டுச் செத்தன. இடத்தை முதலில் சரியாகப் பார்க்காததற்கு இன்றுவரை அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

"பூனை கொல்வதைவிடக் காற்றாலை கொல்வது குறைவு" என்றும் சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேல் பறவைகளைக் கொல்வதாக 2013இல் வந்த ஆய்வு சொல்கிறது. எண்ணிக்கை சரிதான், ஆனால் அந்த ஒப்பீட்டை நான் ஏற்க மாட்டேன். பூனை பிடிப்பது குருவியை, அது அடுத்த பருவத்திலேயே மூன்று நாலு குஞ்சு பொரித்துவிடும். கழுகு நாலைந்து வயதுக்குப் பிறகுதான் கூடு கட்டும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு குஞ்சுதான் வளர்க்கும். அதில் பத்து போனால் அந்த மலைக்கே கழுகு இல்லாமல் போகலாம்.

நம் நாட்டு ஆய்வு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் சால்கேவாடி என்ற பீடபூமியில் பல ஆண்டுகளாகக் காற்றாலைகள் இருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் அங்கே கணக்கெடுத்து 2018இல் வெளியிட்டார்கள். காற்றாலை இல்லாத பக்கத்தில் இரைகொல்லிப் பறவைகள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு அதிகம். காற்றாலை இருக்கும் பக்கத்திலோ விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகிவிட்டன, பிடித்துத் தின்ன ஆள் இல்லாததால் மனிதன் கிட்டே போனாலும் சட்டென்று ஓடுவதில்லை. சரி, ஓணானுக்காவது நல்லது என்று நினைத்தால் அதுவும் இல்லை, கூட்டம் கூடியதில் இரைக்குப் போட்டியாகி மெலிந்து, நிறம் மங்கிக் கிடக்கின்றன. செத்து விழுந்த பறவையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த மாற்றம் கண்ணில் படாமலே போயிருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. நார்வேயின் ஸ்மோலா தீவில் நான்கு காற்றாலைகளில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் அடித்துப் பார்த்தார்கள். பறவைச் சாவு 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. நாலே நாலு கோபுரத்தில் செய்த சின்னச் சோதனைதான், ஆனாலும் ஒரு வாளி பெயின்ட் செலவில் இவ்வளவு கிடைக்குமென்றால் நாமும் செய்து பார்க்கலாம் என்பேன்.

எங்கள் தெருக்கோடி புளியமரத்தில் வௌவால்கள் தொங்குகின்றன. காற்றாலையால் வௌவாலும் சாகிறதாமே?
*இல்லத்தரசி, ஆம்பூர்*

ஆமாம் அம்மா, வட அமெரிக்காவில் பல இடங்களில் பறவையைவிட வௌவால்தான் அதிகம் சாகிறது. ஆனால் அங்கே அடிபடுவது உங்கள் மரத்தில் தொங்கும் பழந்தின்னி வகை இல்லை, கொசுவையும் வயல் பூச்சியையும் தின்னும் சின்ன வௌவால். இருட்டில் கொசுவையே குறிதவறாமல் பிடிக்கும் அது, சுற்றுகிற இறக்கையிடம் ஏமாந்துவிடுகிறது. வௌவால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், அதனால் இழப்பைச் சீக்கிரம் ஈடுகட்ட முடியாது.

இதற்குத் தீர்வு எளிது என்பதுதான் எனக்கு ஆதங்கம். வௌவால் அதிகம் பறப்பது காற்று குறைவான இரவுகளில். அந்த நேரத்தில் காற்றாலை சுற்றினாலும் பெரிய மின்சாரம் வராது. வழக்கமாக வினாடிக்கு 3, 4 மீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே ஓடத் தொடங்கும் காற்றாலையை, வௌவால் இடம்பெயரும் மாதங்களின் இரவுகளில் மட்டும் 5 மீட்டருக்கு மேல் வந்தால்தான் ஓடவேண்டும் என்று மாற்றிவைத்தார்கள். சாவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. ஆண்டு மொத்த உற்பத்தியில் இழந்தது ஒரு விழுக்காட்டுக்குள்தான். இவ்வளவு மலிவான ஏற்பாட்டைச் செய்யாமல் இருப்பதற்கு என்ன காரணம் சொன்னாலும் எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் நிலத்து வழியே போகும் மின்கம்பியில் மயில் அடிபட்டுக் கிடக்கிறது. கவுண்டின்யா காட்டிலிருந்து வரும் யானைக்கும் தொய்ந்த கம்பியால் ஆபத்து. கம்பியை விட்டுவிட்டுக் காற்றாலையை மட்டும் குறை சொல்வானேன்?
*விவசாயி, பேரணாம்பட்டு*

நீங்கள் கேட்டது மிகச் சரி ஐயா. காற்றாலை என்றால் கோபுரம் மட்டுமல்ல, அங்கிருந்து ஊருக்கு வரும் கம்பியும் சேர்ந்ததுதான். ஒரு கம்பியில் உட்காரும் குருவிக்கு ஒன்றும் ஆகாது. மயில் போலப் பெரிய பறவையின் சிறகு இரண்டு கம்பியை ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால், அல்லது கம்பியையும் கம்பத்தின் இரும்புச் சட்டத்தையும் தொட்டுவிட்டால் அங்கேயே முடிந்தது.

கானமயில் என்கிற பெரிய புல்வெளிப் பறவையின் கதை இன்னும் வேதனையானது, மயில் வேறு, இது வேறு. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வறண்ட வெளிகளிலும் திரிந்த பறவை, இன்று நாடு முழுக்க இருநூறுகூட இல்லை, பெரும்பாலும் ராஜஸ்தானில்தான். கண் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருக்கும் கம்பி அதற்குச் சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் அந்தக் கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. தார்ப் பாலைவனப் பகுதியில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 84,000 பறவைகள் கம்பியால் சாகின்றன என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது, எல்லா இனமும் சேர்த்து. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. உங்கள் ஊர்க் கம்பிக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டாம். தொய்வை இழுத்துக் கட்டவும், மயில் உட்காரும் கம்பங்களில் கம்பிக்கு உறை போடவும் எழுத்தில் மனு கொடுத்து, நகலை வனச்சரக அலுவலகத்திலும் சேர்த்துவிடுங்கள்.

மன்னார் வளைகுடாவில், கடலுக்குள்ளேயே காற்றாலை வரப்போகிறதாம். கடற்பசுக்கள் என்னாகும்?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, ராணிப்பேட்டை*

எனக்கும் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது அம்மா. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை குஜராத் கடலிலும் தமிழ்நாட்டுக் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலை அமைக்க 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மன்னார் வளைகுடா வெறும் தண்ணீர்ப் பரப்பு இல்லை. 21 தீவுகள் சேர்ந்த கடல் தேசியப் பூங்கா 1986 முதல் அங்கே இருக்கிறது. பவளப்பாறை, கடற்புல், ஆமை, மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு எல்லாம் அங்கே உண்டு. பக்கத்துப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுவுக்கென்றே தமிழ்நாடு அரசு ஒதுக்கியது.

கடலில் முதல் ஆபத்து சத்தம். பெரிய இரும்புக் குழாயைச் சுத்தியலால் கடல்தரையில் அறைந்து இறக்கும்போது எழும் ஒலி தண்ணீரில் வெகுதூரம் போகும். வடகடலில் கடற்பன்றி என்னும் சின்னத் திமிங்கில இனம், அறையும்போது 20 கிலோமீட்டர் வாக்கில் விலகி ஓடியது, வேலை நின்றபின் திரும்பியது. ஜெர்மனியில் இதற்கு ஒலி வரம்பே வைத்துவிட்டார்கள். குழாயைச் சுற்றிக் கடல்தரையில் துளையிட்ட குழலைப் போட்டுக் காற்றடித்து, குமிழித் திரை எழுப்பி, அதில் ஒலியைத் தேய்க்கிறார்கள்.

கோபுரம் நட்டு முடிந்த பிறகு நடப்பது வேறு கதை. தூணில் சிப்பி ஒட்டும், அதைத் தேடி நண்டும் மீனும் வரும், இழுவை மடி உள்ளே வராததால் கடல்தரையும் கொஞ்சம் ஓய்வெடுக்கும். உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை டென்மார்க் 1991இல் விண்டெபியில் நட்டது. அதற்குப் பிறகான இத்தனை ஆண்டு அனுபவத்தில் இந்தப் பக்கம் ஓரளவு நல்ல சேதிதான். ஆனால் வடகடலில் செந்தொண்டை லூன் என்னும் நீர்ப்பறவைகள் காற்றாலைகளைக் கண்டு 10 கிலோமீட்டருக்கும் மேல் ஒதுங்கிவிடுகின்றன, அத்தனை பரப்பு இரைக்கடல் அவற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். நெதர்லாந்தில் 2023 மே மாதம் ஓர் இரவு, பறவைக்கூட்டம் கடக்கும் என்று முன்கூட்டியே கணித்து, நிமிடத்துக்கு 2 சுற்றுக்கு மேல் சுற்றாதபடி நான்கு மணி நேரம் காற்றாலைகளை அடக்கி வைத்தார்கள். நாடே இருட்டாகிவிடவில்லை.

வடகடல் அனுபவத்தை அப்படியே நம் கடலுக்குப் பொருத்திவிட முடியாது. அங்கே கடற்பசுவும் இல்லை, பவளமும் இல்லை, வள்ளத்தில் தினமும் போய் வரும் நம் தூத்துக்குடிக்காரர்களும் இல்லை. கடற்பசுவுக்குக் கடற்புல்தான் சோறு. தூண் ஆழத்தில் நின்றாலும் கரைக்கு வரும் கேபிள் புல்தரையைக் கிழித்துக்கொண்டு வந்தால் கேடுதான். கேபிள் வரும் பாதையையும் குழாய் அறையும் மாதத்தையும் முதலில் கேளுங்கள், கோபுரத்தின் உயரத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கடல் அலையில் மின்சாரம் எடுக்க முடியுமா? மீன்கள் மிஷினில் மாட்டாதா?
*எட்டாம் வகுப்பு மாணவி, ஆரணி*

முடியும் பாப்பா. கேரளாவின் விழிஞ்ஞத்தில் 1991இலேயே சென்னை ஐஐடி 150 கிலோவாட் அலை மின்நிலையத்தை அமைத்துக் காட்டியது. வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்ட் கடற்கழியில் 2008இல் ஓத நீரோட்டத்தில் சுற்றும் விசையாழியை இறக்கியபோது, சீல் கிட்டே வந்தால் உடனே நிறுத்திவிடும்படி ஒலிக்கருவி வைத்துக் காத்தார்கள். சீல்கள் அதை விலக்கிப் போகப் பழகிக்கொண்டன. அணை கட்டுவதுதான் கெடுதல் அதிகம். பிரான்சில் லா ரான்ஸ் ஆற்று முகத்தை அடைத்து 1966இல் ஓத மின்நிலையம் கட்டினார்கள், அடைபட்டிருந்த சுமார் மூன்று ஆண்டில் உள்ளே இருந்த கடலுயிர் பெரும்பாலும் அழிந்தது, மீண்டுவர வெகுகாலம் ஆயிற்று.

அப்படியானால் காற்றாலையே வேண்டாம் என்கிறீர்களா?
*வாசகர், வாணியம்பாடி*

வேண்டும். நிலக்கரிப் புகையும் ஏறும் வெயிலும் எந்தக் கழுகையும் விட்டுவைக்காது. நான் கேட்பது, நடுவதற்கு முன்பே கெடுதலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான், அதை உங்கள் ஊர்க்காரருக்குப் புரியவைக்க நான் அதிகம் பேச வேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதை எடுத்துச் சொல்லித்தான் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கெடுதல் வருமுன்பே தடுக்க வேண்டும் என்கிற முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும், கெடுதல் வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்ய வருகிறவருடையது என்றும் அதில் இருக்கிறது. நம் கிணறுகள் உப்பாகிப் போனபின் கிடைத்த தீர்ப்பு அது.

ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் தரையில் நடும் காற்றாலை இல்லை. புகை இல்லை என்பதால் முன் அனுமதி தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். இதை மாற்ற வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே கேட்கிறேன். 1990களில் நட்ட பழைய சின்னக் காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நட, தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. பத்து எடுத்து இரண்டு நடும்போது, அந்த இரண்டை எந்த மேட்டில் நடுவது என்று தீர்மானிக்க இப்போதுதான் வாய்ப்பு. நடுவதற்கு முன் ஒரு முழு ஆண்டு பறவைக் கணக்கு, நட்டபின் கோபுரத்தடியில் செத்த பறவை, வௌவால் கணக்கு, இரண்டும் எவரும் பார்க்கும்படி வெளியில் இருக்க வேண்டும்.

காட்பாடித் தம்பி அடுத்த முறை தெற்கே போய்ச் சாலை வழியே அந்தப் பக்கம் நடக்க நேர்ந்து, கோபுரத்தடியில் ஏதாவது கிடந்தால் கையால் தொட வேண்டாம். போட்டோ எடுத்து, தேதியும் கோபுரத்தில் எழுதியிருக்கும் எண்ணும் குறித்து, அங்கிருக்கும் வனத்துறைக்கு அனுப்பிவிட்டு இங்கேயும் ஒரு கடிதம் போடுங்கள்.