பந்தயத்தில் விட்ட பணம்: கேள்வி பதில்

பிரித்தானிய உரிமம் பெற்ற இணையப் பந்தய நிறுவனங்கள் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, மூன்று மாதங்களில் விட்ட பணம் முழுவதையும் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் தோற்றுப்போனேன் என்பது மட்டும் காரணமாகாது. நிறுவனம் எந்தக் கடமையில் தவறியது என்பதைக் காட்ட வேண்டும்.

கேள்வி: கேம்ஸ்டாப்பில் (இணையச் சூதாட்டத்திலிருந்து தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளும் பதிவில்) ஐந்து ஆண்டுகளுக்குப் பதிந்த பிறகும் ஒரு நிறுவனம் என்னைக் கணக்குத் தொடங்க விட்டது.

பதில்: இது வலுவான புகார். 2020 மார்ச் 31 முதல் உரிமம் பெற்ற இணைய நிறுவனங்கள் அனைத்தும் கேம்ஸ்டாப்பில் இணைந்திருப்பது கட்டாயம். ஆனால் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், அஞ்சல் குறியீடு போன்றவற்றை ஒப்பிட்டே அது தடுக்கிறது. ஓரிடத்தில் தந்தை பெயரை முன்னும் மற்றோரிடத்தில் பின்னும் எழுதும் நம்மவர் வழக்கம் இங்கேதான் இடறும். ஆகவே இரண்டு இடங்களிலும் கொடுத்த விவரங்களை முதலில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு, உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தரவு முழுவதையும், ஊழியர் எழுதிய கணக்குக் குறிப்புகள் உட்பட, எழுத்தில் கேளுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். தலைப்பிலேயே ‘புகார்’ என்று குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். எட்டு வாரங்களில் தீராவிட்டால், ஐபாஸ் போன்ற தகராறு தீர்வு அமைப்பிடம் கட்டணமின்றிச் செல்லலாம்.

கேள்வி: உரிமம் வழங்கும் சூதாட்ட ஆணையம் பணத்தை வாங்கித் தருமா?

பதில்: தராது. அபராதம் விதித்தாலும் அது உங்கள் கைக்கு வராது.

கேள்வி: விலகல் கேட்டும் தடுக்காத நிறுவனம் முழு இழப்பையும் ஏற்பதுதானே நியாயம்?

பதில்: கிரேஹவுண்ட் (பந்தய நாய்) பயிற்றுநர் கிரஹாம் கால்வர்ட், 20 லட்சம் பவுண்டுக்கு மேல் இழந்து, வில்லியம் ஹில் என்ற பந்தய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். நிறுவனம் தவறியது உண்மை என்று 2008இல் உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அங்கே தடுத்திருந்தாலும் வேறிடத்தில் இழந்திருப்பார் என்று கூறி இழப்பீட்டை மறுத்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் விலகல் பதிவு வெறும் சடங்கா?

பதில்: அல்ல. கால்வர்ட் வழக்கு ஒரே நிறுவனத்திடம் கேட்ட விலகலைப் பற்றியது. கேம்ஸ்டாப் உரிமம் பெற்ற எல்லா இணைய வாசல்களையும் ஒருங்கே அடைக்கிறது. ‘வேறிடத்தில் இழந்திருப்பார்’ என்ற வாதம் இன்று அவ்வளவு எளிதில் நிற்காது என்பது என் கருத்து. உரிமமற்ற தளங்களைக் காட்டி எதிர்த்தரப்பு வாதாடும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

கேள்வி: நான் செய்யாத பரிவர்த்தனை என்று வங்கியிடம் சொல்லலாமா?

பதில்: இன்று மூன்றாவது முறையாக எழுதுகிறேன்: அது பொய், மோசடிக் குற்றம்.

கேள்வி: முன்பணம் கட்டினால் மீட்டுத் தருவதாக ஒருவர் அழைத்தார்.

பதில்: ஒரு பென்னி கொடுக்காதீர்கள். விட்டவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அழைப்பவர்கள் உண்டு.

கேள்வி: வெளிநாட்டு உரிமத் தளத்தில் விட்டது?

பதில்: என் எல்லைக்கு வெளியே, அந்த நாட்டு உரிம அமைப்பைக் கேளுங்கள்.