விறகடுப்புப் புகை குழாய் வழியே போகாமல் அடுப்படிக்குள்ளேயே திரும்புவது ஏன்?

புகைபோக்கியின் இழுப்பு என்பது, குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட லேசாக இருப்பதால் மேலே கிளம்பி, அடியிலிருக்கும் புகையையும் சேர்த்து இழுத்துப் போவதுதான். குழாய் உயரமாகவும் உள்ளே சூடாகவும் இருந்தால் இழுப்பு நன்றாக இருக்கும். சிம்னி விளக்கில் கண்ணாடியை எடுத்துவிட்டால் சுடர் ஆடிப் புகை கக்கும், மாட்டினால் நிமிர்ந்து எரியும் இல்லையா, அதே சங்கதிதான்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஓட்டு வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் குறை, குழாய் முகட்டுக்குக் கீழேயே முடிந்துவிடுவது. ஆடிக்காற்று கூரையில் மோதிக் கீழே சுழலும்போது புகையை உள்ளே தள்ளிவிடும். முகட்டைவிட 2 அடியாவது உயர்த்தி, இடைவெளி விட்டு மேலே ஒரு தொப்பி மாட்டுங்கள். வளைவுகளைக் குறையுங்கள். உள்ளே படிந்த கரியைச் சுரண்டி எடுங்கள், அது தீப்பிடிக்கவும் கூடும். ஈரக் கருவேல விறகு வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே வீணாகும். அடுப்பு மூட்டுமுன் குழாயின் அடிவாயில் காய்ந்த தென்னோலையைக் கொளுத்திக் காட்டினால் குழாய் சூடாகி இழுப்பு பிடிக்கும். அப்புறம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும்.

குழாய் அகலமாக இருந்தால் புகை நிறையப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள்; அளவுக்கு மீறி அகலமானால் புகை உள்ளேயே ஆறிப்போய் இழுப்பு குறைந்துவிடும்.