தேம்ஸ் முண்டங்களும் ஜாக் த ரிப்பரும்: ஒரே ஆளா? (கேள்வி பதில்)

கேள்வி: 1888ல் ரிப்பர் என்ற மர்மக் கொலைகாரன் லண்டனையே நடுங்க வைத்த அதே சமயம் தேம்ஸ் ஆற்றில் பெண்களின் உடல் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. ஒரே ஊரில் இரண்டு கொலைகாரர்களா, நம்புகிற மாதிரி இல்லையே?

பதில்: நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். லண்டனில் மைட்டர் சதுக்கத்தில் இரவு 1.30க்கு ரோந்து வந்த காவலர் கண்ணில் ஒன்றும் படவில்லை, அவரே 1.45 வாக்கில் திரும்பி வந்தபோது கேத்தரின் எடோஸ் என்ற பெண் பிணமாகக் கிடந்தார். அவ்வளவுதான் ரிப்பருக்குக் கிடைத்த அவகாசம், கொன்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போய்விட்டான். ஆற்றில் துண்டுகளைப் போட்டவனுடையது மணிக்கணக்கில் பிடிக்கிற வேலை: மூட்டு மூட்டாகக் கழற்றி, துணியில் பொட்டலம் கட்டி, யார் கண்ணிலும் படாமல் சுமந்துபோக வேண்டும். 1887 முதல் 1889 வரை கிடைத்த நான்கு பேரில் ஒருவருடைய தலைகூட அகப்படவில்லை. செத்தது யார் என்று தெரியக்கூடாது என்பது அவன் கவலை, ரிப்பருக்கு அந்தக் கவலையே கிடையாது.

கேள்வி: ரிப்பருக்கு ஒரு அறை கிடைத்திருந்தால் அவனும் அதைத்தானே செய்திருப்பான்?

பதில்: கிடைத்ததே! மில்லர்ஸ் கோர்ட்டில், அவன் கொன்ற மேரி கெல்லியின் அறை. நேரமும் இருந்தது. உடலைக் குதறினானே தவிர, கை கால்களைத் துண்டித்து எடுத்துப்போகவில்லை.

கேள்வி: அப்படியானால் பின்ச்சின் தெருவில் கிடைத்த முண்டம்?

பதில்: எனக்கும் இடிப்பது அதுதான். 1889 செப்டம்பர் 10, ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் தலையும் கால்களும் இல்லாத முண்டம், வயிற்றில் நீளமாக ஒரு வெட்டு. ஆற்றங்கரையிலும் இல்லை, ரிப்பரின் வட்டாரத்துக்குள்ளேயே. லண்டன் போலீஸ் கமிஷனர் மன்றோ ஒப்பிட்டுப் பார்த்து ரிப்பர் வேலை இல்லை என்றார். நான் அவர் பக்கம்தான், ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டேன்.

கேள்வி: ரிப்பர் கொன்றது ஐந்து பேர்தான் என்று முடிவு செய்தது யார்?

பதில்: முக்கியமாக மக்நாட்டன் என்ற அதிகாரி 1894ல் எழுதிய குறிப்பு. அவர் போலீஸில் சேர்ந்ததே 1889ல், அதாவது ஐந்தும் நடந்து முடிந்த பிறகு. வைட்சாப்பல் (ரிப்பரின் வட்டாரம்) கொலைகள் என்று அன்றைய போலீஸ் கோப்பில் இருப்பவை மொத்தம் 11. அந்த ஐந்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: விஷம் வைத்துக் கொன்ற டாக்டர் நீல் கிரீம்தான் ரிப்பர் என்கிறார்களே?

பதில்: 1888ல் அந்த ஆள் அமெரிக்காவில், இல்லினாய் சிறையில். அடுத்த கேள்விக்குப் போகலாம்.

கேள்வி: முண்டங்களில் யாராவது அடையாளம் தெரிந்ததா?

பதில்: ஒருவர் மட்டும், எலிசபெத் ஜாக்சன். 1889 ஜூனில் துண்டு துண்டாகக் கிடைத்தார். ஒரு துண்டு கவிஞர் ஷெல்லியின் மகன் வீட்டுத் தோட்டத்தில் கிடந்தது, அதை வைத்தும் ஒரு கதை கட்டுகிறார்கள், விடுங்கள். அடையாளம் காண உதவியது மணிக்கட்டில் இருந்த ஒரு பழைய தழும்பும் துண்டுகளைச் சுற்றியிருந்த அவருடைய உடுப்பும்தான். ஏழெட்டு மாதக் கர்ப்பிணி, தங்க இடமில்லாமல் அலைந்தவர்.